ஏரிக்கண் தேடியவர்

வணக்கம் கூறுமுன் எதிரில் நிற்பவரை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிவிடுவது அவருடைய வழக்கம். கும்மிடிப்பூண்டிக்கு அண்மையில் இருந்த உயர்நிலைப் பள்ளியொன்றில் தமிழாசிரியனாக நான் பணியேற்ற நாளில் எனக்கும் அதுவே நேர்ந்தது. ஐம்பதுகளின் தொடக்கம் அது. இன்று ஆலைப் புகைபோக்கிகள் நிமிர்ந்து நிற்கும் இடமெல்லாம் அன்று வேர்க்கடலையும் சவுக்கும் விளைந்த மணற்பாங்கான நிலம். ஆசிரியர் அறைக்குள் நுழைந்து கைகூப்பினேன். உயரமான மனிதர் ஒருவர் எழுந்து வந்தார். கூப்பிய கைகளைப் பொருட்படுத்தாமல் என் தோளைத் தொட்டுச் சன்னலோரம் நிறுத்தினார்.

“கொஞ்சம் இப்படி நில்லுங்க புலவரே. கண்ணைச் சிமிட்டாதீங்க.”

மூச்சு முகத்தில் படும் அளவுக்கு நெருங்கி என் விழிகளுக்குள் எட்டிப் பார்த்தார். கிணற்றுக்குள் விழுந்த குடத்தைத் தேடுபவர் அப்படித்தான் பார்ப்பார்.

“புளியங்கொட்டை. ஆனா ஓரத்துல கொஞ்சம் தேன் கசியுது. அம்மாவுக்கு எந்த ஊரு?”

“வேலூருக்கு மேற்கே ஒரு சிற்றூர்.”

“அவங்க அம்மாவுக்கு?”

“அறியேன் ஐயா.”

“சங்கத்துல யாரு யாருக்கு மாமன்னு கேட்டா சொல்வீரு. சொந்த ஆயா ஊரு தெரியல. நல்ல புலவரு!” என்று சிரித்துவிட்டு, அதன் பிறகே வணக்கம் சொன்னார். அவர்தாம் அறிவியல் ஆசிரியர் என்பதை மற்றவர்கள் கூறி அறிந்தேன்.

பழவேற்காட்டைச் சேர்ந்த தமிழ் முசுலிம் வணிகக் குடும்பம் அவருடையது. முன்னோர் கப்பல் வைத்து வாணிகம் செய்தவர்கள். அவர் காலத்தில் எஞ்சியிருந்தது கடைத்தெருவில் ஒரு துணிக்கடையும், பட்டம் பெற்ற முதல் ஆள் என்று அவரைப் பற்றிய பெருமையும். கண்களின் நிறத்துக்கு அவர் இட்டிருந்த பெயர்கள் எல்லாம் அந்த ஊரின் கரையிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் பொறுக்கியவை. புளியங்கொட்டை, நாவற்பழம், தேன், கருப்பட்டிப் பாகு, இறால் ஓடு, பாசி. எல்லாவற்றுக்கும் மேலாக ஏரி. பழவேற்காட்டு ஏரியில் விடியற்காலையில், வெயில் ஏறுமுன், நீருக்கு ஒரு நிறம் உண்டு. சாம்பலும் அன்று, பச்சையும் அன்று, நீலமும் அன்று. உலகில் எவரிடமேனும் அந்த நிறத்துக் கண்ணைக் கண்டுவிட்டால் அவர் குரல் தாழ்ந்துவிடும். “ஏரிக்கண்ணு” என்பார், பள்ளிவாசலுக்குள் பேசுவதைப் போல.

பூனைக்கண் என்று ஊரார் சொல்வதை அவர் பொறுத்துக்கொள்ள மாட்டார். “பூனை என்னாத்துக்கு? பூனை எந்தக் கப்பல்ல வந்துச்சு?” என்று சண்டைக்கு நிற்பார்.

ஒரு விடுமுறை நாளில் என்னைத் தம் ஊருக்கு அழைத்துப்போய் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தைக் காட்டினார். மண்டையோடும் மணற்கடிகையும் செதுக்கிய கற்களை நான் வியந்து நின்றேன். அவருக்கு அவற்றில் நாட்டமில்லை.

“இந்தப் பேருங்கள படிக்க இங்க ஆளே கெடையாது புலவரே. ஆனா இதுல படுத்துகினு கீறானே, இவன் கண்ணு தெனம் சந்தைக்கு வந்து இறால் வித்துட்டுப் போவுது.”

“அப்படியாயின் ஏரிக்கண் எல்லாம் ஒல்லாந்தர் கொடையா?”

உடனே அவர் முகம் மாறிற்று. விளையாட்டை விலக்கிவிட்டு ஆசிரியராகிவிட்டார்.

“அதைத்தான் சொல்ல முடியாது. அரபிலேர்ந்து வந்தவங்க கீறாங்க. போர்த்துக்கீசன் வந்தான். சாவகத்துக்குப் போய்த் திரும்பினவங்க கீறாங்க. இவங்க யாரும் வர்றதுக்கு முன்னாலயே இந்த மண்ணுலயே அந்தக் கண்ணு இருந்திருக்கலாம். ஒரு கண்ணைப் பாத்து, இது இன்னார் குடுத்ததுன்னு சொல்றவன் பொய் சொல்றான். யாரோ குடுத்தாங்க. அவ்ளோதான் தெரியும். அதுவே போதாதா?”

அவருடைய கண்கள் எத்தகையவை என்று கேட்கத் தோன்றும். எவ்விதச் சிறப்பும் இல்லாத, கலப்பற்ற புளியங்கொட்டை. அவருடைய தமக்கைக்குத்தான் ஏரிக்கண் வாய்த்திருந்தது. “அது எங்கிட்டயும் கீது. உள்ள உக்காந்துகினு கீது. வாசப்பக்கம் வரல, அவ்ளோதான்” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். ஆற்றாமையோ பெருமையோ, என்னால் பிரித்தறிய இயன்றதில்லை.

இந்த நாட்டம் அவரைச் சங்கடங்களில் மாட்டிவிட்டதும் உண்டு. கும்மிடிப்பூண்டித் தொடர்வண்டி நிலையத்தில் ஒரு முற்பகல். சென்னைக்குச் செல்லும் வண்டி நெடுநேரம் நின்றுவிட்டது. வண்டியின் காப்பாளர் ஆங்கிலோ-இந்தியர். வெள்ளைச் சீருடையும் மிடுக்கும் உடையவர். தம் பாட்டனார் அயர்லாந்துக்காரர் என்பதை மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கும் அறிவிக்கும் இயல்பினர். நம்மவர் அவரை நெருங்கி, தொப்பியைச் சற்று உயர்த்துமாறு வேண்டினார்.

“வாட் மேன்? நம்ம கண்ணுலே இன்னா கீது?” என்றார் காப்பாளர்.

“உங்க தாத்தா கீறாரான்னு பாக்கறேன் தொரை.”

பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “நல்லா முத்தின புளியங்கொட்டை. தாத்தா உள்ள கீறாரு, ஆனா கதவைச் சாத்திகினாரு.”

காப்பாளர் சினங்கொள்வதா சிரிப்பதா என்று விழித்துக்கொண்டிருக்கையில், பக்கத்தில் மீன்கூடையுடன் அமர்ந்திருந்த பழவேற்காட்டுப் பெண்ணொருத்தி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள். கரிய முகத்தில் இரண்டு ஏரிகள். நம்மவர் அப்படியே மண்டியிட்டு அமர்ந்துவிட்டார்.

“இந்தாம்மா, இந்தத் தொரைக்கு ஒன் கண்ணைக் கொஞ்சம் காட்டும்மா.”

“இன்னா வாத்தியாரே, பேஜாரா போச்சு!” என்றாள் அவள். “மீனு வாங்க வர்றவன் மீனு கண்ணைப் பாப்பான். நீ மீனு விக்கிறவ கண்ணைப் பாக்குற. நான் இன்னா கெட்டா பூட்டேன்?”

நடைமேடையே சிரித்தது. காப்பாளர்தாம் முதலில் சிரிப்பை நிறுத்தினார். குனிந்து அவள் கண்களைப் பார்த்தவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “மை கிராண்ட்ஃபாதர்” என்று மெல்லச் சொன்னார். வண்டி புறப்பட்ட பிறகும் கடைசிப் பெட்டியின் வாயிலில் நின்று, அவள் இருந்த திசையையே பார்த்துக்கொண்டு போனார்.

அவருடைய வகுப்பறையை ஒருநாள் கடந்து சென்றபோது, மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, அதில் இரண்டு மூன்று சொட்டுப் பால் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். குவளைக்குப் பின்னால் கரும்பலகை. பக்கவாட்டிலிருந்து வெயில். வாயிலில் நின்ற என்னையும் உள்ளே அழைத்தார்.

“இதுல என்னா நிறம் தெரியுது புலவரே?”

உற்று நோக்கினேன். கருமைக்கு எதிரே அந்த நீர் மங்கிய நீலமாக ஒளிர்ந்தது.

“நீலம்.”

“பாலு வெள்ளை. தண்ணிக்கு நிறமே கெடையாது. பின்னால இருக்கிறது கறுப்பு. நீலம் எங்கேர்ந்து வந்துச்சு?”

அவர் மாணவர்களை மறந்து என்னிடமே பேசினார். ஏரிக்கண்ணுக்குள் நீலம் என்று எந்தச் சாயமும் இல்லை. கருவிழியில் இயற்கை இடும் மை சற்றுக் குறைவாக இருக்கிறது, அவ்வளவே. உள்ளே நுழைந்த வெளிச்சம் சிதறி நீலமாகித் திரும்புகிறது. வானம் நீலமாய்த் தோன்றுவதும் ஏறத்தாழ அந்த வகையில்தான். இதைக் கூறி முடிக்கையில் அவர் குரல் பள்ளிவாசல் குரலாகிவிட்டது. நான் வெளியே வந்து, நெடுநேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிறமே இல்லாத ஒன்றை எத்தனை பாடல்களில் நீலம் என்று கற்பித்திருக்கிறேன்!

அவருடைய அக்காவின் மகளுக்குத் திருமணம் நடந்தது. பெண்ணுக்குத் தாயின் ஏரிக்கண் வரவில்லை; நாவற்பழக் கண். மாப்பிள்ளை திருவள்ளூர்க் கடைத்தெருவில் தோல் மண்டி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. விருந்துக்குப் பின் மாப்பிள்ளையின் தாயார், பெண்கள் இருந்த பகுதியின் திரைக்கு அப்பாலிருந்து, தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

“வாத்தியாரே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அக்காவுக்கு இருக்கிற கண்ணு, நாளைக்கு எங்க பேரப்புள்ளைக்கு வந்துடுமா?”

நம்மவர் மகிழ்ந்துபோனார். உலகில் அவரிடம் கேட்கத்தக்க ஒரே கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டாரே. எல்லோரும் கேட்க உரத்த குரலில் விளக்கினார். “கவலையே வேணாம் சம்பந்தியம்மா. அது ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் குடுத்தா வெளிய வராது. ரெண்டு பக்கமும் குடுக்கணும். எங்க பொண்ணு உள்ள அதை வெச்சிருப்பா. உங்க ஊட்ல அப்படிக் கண்ணு யாருக்காவது கீதா?”

“எங்கூட்ல யாருக்கும் கெடையாது. எத்தனை தலைமுறைக்கும் கெடையாது.”

“அப்போ வராது. நிம்மதியா பிரியாணி சாப்புடுங்க.”

அன்று அவர் அந்த வீட்டு ஆண்கள் எல்லோர் கண்களையும் பார்த்துவிட்டார், ஒருவரைத் தவிர. மாப்பிள்ளையின் தந்தை கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார், வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. முகத்தில் பழைய அம்மைத் தழும்புகள். குழந்தையாய் இருந்தபோது வந்த அம்மை கண்ணையும் கெடுத்துவிட்டது, வெயில் ஆகாது என்று மாப்பிள்ளையே சொன்னார். “ஒருத்தர் மட்டும் பாக்கி புலவரே. போனாப் போவுது, அம்மை தின்ன கண்ணு” என்று திரும்பி வருகையில் என்னிடம் சொன்னார்.

அடுத்த ஆண்டில் ஒரு திங்கட்கிழமை. பள்ளிக்குப் புதிதாக ஓர் ஓவிய ஆசிரியர் வந்து சேர்ந்தார். நாங்கள் எல்லோரும் வேடிக்கை காணக் காத்திருந்தோம். நம்மவர் எழுந்து, “வாங்க” என்று கைகூப்பிவிட்டு, நாற்காலியில் அமர்ந்துகொண்டார். அந்த மனிதரின் முகத்தைக்கூட அவர் நேராகப் பார்க்கவில்லை.

மாலையில் வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்து நிறுத்தினேன். முதலில் மழுப்பினார். பிறகு உடைந்து கூறினார். அக்கா மகள் தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பழவேற்காட்டுக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. நாற்பதாம் நாள் குளிப்பாட்டி முடித்து, தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக மாமியார் வந்திருக்கிறார். பிள்ளையை மடியில் வாங்கியிருக்கிறார். அது விழித்துப் பார்த்திருக்கிறது.

“ஏரிக்கண்ணு” என்றார் அவர். வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சொல்லை அச்சத்துடன் சொன்னார்.

“அதில் ஐயுற என்ன இருக்கிறது? பெண்ணின் தாய்க்கே அக்கண் இருக்கிறதே.”

“அதைத்தான் எங்க அக்கா சொன்னா. அதுக்கு அந்தம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா? ‘ஒரு பக்கம் குடுத்தா வராது, ரெண்டு பக்கமும் குடுக்கணும்னு உங்க தம்பிதானே சபையில சொன்னாரு. எங்க பக்கம் கெடையாது. அப்போ அந்த ரெண்டாவது பக்கம் யாரு?’ன்னு கேட்டுட்டு, புள்ளையைக் கீழ வெச்சுட்டு, வந்த வண்டியிலயே பூட்டாங்க.”

வேப்பம்பூக்கள் அவர் தோளில் உதிர்ந்தவண்ணம் இருந்தன.

“நான் சொன்ன சட்டத்தை எடுத்து எங்க பொண்ணு கழுத்துல வெச்சிட்டாங்க புலவரே. அவ ஒரு வார்த்தை பேசல. காலைல எழுந்ததும் புள்ள கண்ணுக்குச் சுர்மா தீட்டறா. இமையெல்லாம் அப்பிக் கறுப்பாக்கறா. கண்ணு கறுப்பாத் தெரியட்டும்னு. அது அழுவுது. அவளும் அழுவுறா.”

“உம்முடைய சட்டம் பொய்த்திருக்கலாம் அல்லவா? விதிக்கு விலக்கு இருக்குமே.”

“இருக்கும். புத்தகத்துல எழுதினது பட்டாணிச் செடிக்கு. மனுஷன் கண்ணு அவ்ளோ சுளுவா அடங்காது. அதை இப்போ போய்ச் சொன்னா, பொண்ணுக்காக மாத்திப் பேசறான்ம்பாங்க.” தோளில் கிடந்த பூக்களைத் தட்டிவிட்டார். “ஒரு கண்ணு பாக்கி வெச்சேனே. அதைப் பாக்கணும்.”

அடுத்த ஞாயிறன்று பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் திருவள்ளூர் சென்றோம். தனியே செல்ல அவருக்குத் துணிவில்லை. என்னைத் துணைக்கு அழைத்தார்.

தோல் மண்டியின் பின்பகுதியே வீடு. பதப்படுத்திய தோலின் நெடியைக் கடந்து கூடத்துக்குள் சென்றோம். முதியவர், மாப்பிள்ளையின் தந்தை, சாய்வு நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியுடன் அமர்ந்திருந்தார். தம் மடியில் விரித்திருந்த ஆட்டுத்தோல் ஒன்றைத் தடவிப் பார்த்து, பணியாளிடம், “இத்தைத் தனியா போடு, முதுகுல ஊசி ஓட்டை கீது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்வாயிலில் திரை அசைந்தது. அம்மையார் அங்கே நிற்கிறார் என்பது தெரிந்தது. மாப்பிள்ளை சுவரோரம் தலைகுனிந்து நின்றார்.

“பேசி ஒண்ணும் ஆகப்போறதில்ல வாத்தியாரே” என்றார் முதியவர், கடுமையில்லாத களைத்த குரலில். “பொம்பளைங்க மனசுல ஒண்ணு உழுந்துச்சுன்னா உழுந்ததுதான்.”

“பேச வரல சம்பந்தி. உங்க கண்ணைப் பாக்க வந்தேன்.”

திரைக்கு அப்பாலிருந்து குரல் சீறிற்று. “இந்த நேரத்துல கூட உங்க கண்ணு வைத்தியம் உடலியா? அவரு அம்மைக் கண்ணைப் பாத்து இன்னா பண்ணப் போறீங்க? கட்டிக் குடுக்கறப்பவே சொல்லித்தான் குடுத்தாங்க, அம்மையில வெளுத்த கண்ணுன்னு.”

“வெளுத்த கண்ணு” என்று நம்மவர் அந்தச் சொற்களைத் திருப்பிச் சொன்னார். “அந்த ஊசி ஓட்டையை எதால பாத்தீங்க சம்பந்தி?”

“கண்ணாலதான். இந்தச் சுத்து வட்டாரத்துல தோலைப் பாக்க என்னைத்தான் கூப்புடுவாங்க.”

“அம்மை தின்ன கண்ணு ஊசி ஓட்டையைப் பாக்குமா?”

முதியவர் சற்றுத் தயங்கினார். பிறகு மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார்.

நான் நண்பரின் பின்னால் நின்றிருந்தேன். தழும்பு நிறைந்த, வெயிலில் கறுத்த அந்த முகத்தில், விடியற்காலை ஏரி இரண்டு துண்டுகளாகக் கிடந்தது. என்னை அறியாமல் ஓரடி பின்வாங்கினேன். நம்மவர் நிறத்தின் பெயரை உரக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முதியவரின் முன் மண்டியிட்டு, கையால் வெளிச்சத்தை மறைத்தார்; விட்டார்; மறுபடி மறைத்தார். கண்ணின் நடுவிலிருந்த பாவை விரிந்தது, சுருங்கியது. தெளிந்த, சிறு மாசும் இல்லாத கருமை.

“அம்மை கண்ணைத் தின்னா மேல வெள்ளையா பூ உழும். பார்வை மங்கும். இதுல பூ இல்ல சம்பந்தி. எதுவும் கெடல.”

“அப்போ இந்த வெளுப்பு?”

“ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி குடுங்க. கொஞ்சம் பாலும்.”

திரைக்கு அடியிலிருந்து வளையல் அணிந்த கையொன்று அவற்றை நீட்டிற்று. கரும்பலகை இல்லை. மூலையில் சார்த்தியிருந்த முதியவரின் கறுப்புக் குடையை விரித்துப் பிடிக்குமாறு மாப்பிள்ளையிடம் சொன்னார். சன்னல் வெயிலில் குவளையை உயர்த்தி, பாலைச் சொட்டினார். வகுப்பறையில் நான் கண்ட அந்த நீலம், தோல் மண்டியின் கூடத்தில், விரித்த குடைக்கு முன்னால் மெல்ல எழுந்தது.

“வெள்ளைப் பாலு, கறுப்புக் குடை. நடுவுல நீலம் வந்துச்சு பாருங்க. உங்க கண்ணுல எதையும் யாரும் எடுத்துகினு போவல. அல்லா மையைக் கொஞ்சமா வெச்சு அனுப்பினான். பொறந்ததே இப்படித்தான். வெயில் கூசுறதும் அதாலதான்.”

திரை விலகிற்று. அம்மையார் முக்காட்டை இழுத்துக்கொண்டு வாயிலிலேயே நின்றார். குவளையைப் பார்த்தார். இத்தனை ஆண்டு உடன் வாழ்ந்த கணவனின் முகத்தைப் பார்த்தார்.

“பொறந்ததே இப்படியா?” என்றார் முதியவர். கேள்வி எங்களை நோக்கியதாக இல்லை. “எங்க உம்மாதான் சொன்னாங்க, அம்மையிலதான் போச்சுன்னு. நான் மடிப்புள்ளையா இருந்தப்போ வந்த அம்மையாம்.”

“உம்மா எந்த ஊரு?”

“நாகூர் பக்கம். கடக்கரை. இங்க கட்டிக் குடுத்தாங்க.” அவருடைய விரல்கள் மடியிலிருந்த தோலை நீவிக்கொண்டிருந்தன. “தெனம் காலைல சுர்மா போட்டு உடுவாங்க. மீசை மொளைச்சப்பறமும் உடல. ‘அம்மை தின்ன கண்ணுடா, மருந்து’ம்பாங்க. போடறப்ப அவங்க கை நடுங்கும். நான் கிண்டல் பண்ணுவேன்.”

சுர்மா என்ற சொல்லைக் கேட்டதும் நண்பர் தலையைத் தூக்கினார். பழவேற்காட்டில் இன்னொரு கை நடுங்கிக்கொண்டிருப்பதை அவர் நினைத்திருக்க வேண்டும். தம் வெற்றியைக் கூறும் உரிமை அவருக்கு இருந்தது, கூறவில்லை. அந்த அமைதியை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன். எல்லாவற்றையும் முதியவரே கண்டுகொள்ளும்படி விட்டுவிட்டார்.

முதியவர் கண்டுகொண்டார். வேற்றூரிலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி, இதே வீட்டில், வெளுத்த கண்ணுடைய பிள்ளையை ஏந்தி நின்றிருக்கிறாள். எத்தனை வாய்கள் கேட்டனவோ, எத்தனை சுர்மா தீட்டினாளோ. பிறகு ஊருக்குள் அம்மை வந்திருக்கிறது. பிள்ளை பிழைத்திருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் ஒரே விடையை அந்த நோய் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

“புள்ளைக்கு அம்மை வந்துச்சேன்னு எங்க உம்மா ராப்பகலா அழுதாங்களாம்” என்றார் முதியவர். “எதுக்கு அழுதாங்களோ. வந்துச்சேன்னு அழுதாங்களோ, நல்ல வேளை வந்துச்சுன்னு அழுதாங்களோ.”

அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது. சன்னல் வெயிலாலா என்று அறியேன். வாயிலில் நின்ற அம்மையார் தரையில் அமர்ந்துவிட்டார். குடையைப் பிடித்திருந்த மாப்பிள்ளை அதை மடக்க மறந்து நின்றார்.

“நீங்க போங்க வாத்தியாரே” என்றார் முதியவர். “நாங்க வர்றோம்.”

திரும்பும் பேருந்தில் நான் கேட்டேன்: “அந்தக் கண்ணின் நிறத்தை ஏன் பெயர் சொல்லி அழைக்கவில்லை?”

“பேரு வெச்சு வெச்சு வெளையாடிட்டேன் புலவரே” என்றார். “இன்னிக்கு நாக்கு வரல.”

அவர்கள் வந்தது வெள்ளிக்கிழமை, உச்சி வெயிலில். பள்ளிக்கு அன்று விடுமுறை. நானும் பழவேற்காட்டில் இருந்தேன். கடைத்தெருவின் முனையில் ஜட்கா வண்டி நின்றது. வீட்டு வாயில் வரை வந்திருக்கலாம். ஆனால் முதியவர் வண்டியை அங்கேயே நிறுத்தச் சொல்லி இறங்கினார். கறுப்புக் கண்ணாடி இல்லை. குடையும் இல்லை. மணலும் ஏரியும் வெயிலைத் திருப்பி அடித்த அந்தத் தெருவில், கூசிக் கூசி நீர் வழியும் கண்களை ஒருமுறைகூட மூடாமல், முகத்தை நிமிர்த்தி நடந்து வந்தார். பின்னால் மகனும் மனைவியும். துணிக்கடையிலும் உப்புக்கடையிலும் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கூடையோடு வந்த மீன்காரப் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், அவர்களுள் ஒருத்தி, “யம்மாடி, எங்கூட்டுக் கண்ணு இவருக்கு எப்படி?” என்று வாய்விட்டுச் சொன்னாள். தெரு முழுதும் பார்க்கட்டும் என்றே அவர் நடந்தார்.

கூடத்தில் மருமகள் பிள்ளையோடு நின்றிருந்தாள். பிள்ளையின் இமைகளில் காலையில் அப்பிய சுர்மா, அழுகையில் கரைந்து கன்னம் வரை கறையாக இறங்கியிருந்தது. மாமியார் முதலில் ஓடிப்போய் அவள் கையைப் பற்றினார். “என்னை ஏதாவது திட்டும்மா” என்றார். அவள் திட்டவில்லை, கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை. கணவனைத்தான் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் இன்னும் நெடுநாள் விடை சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றிற்று.

முதியவர் பிள்ளையை வாங்கி வாயிற்படி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பிள்ளை வெயிலுக்கு முகஞ்சுளித்து ஒரு கண்ணை மட்டும் இடுக்கிற்று. அவரும் அவ்வாறே இடுக்கியிருந்தார். அறுபது ஆண்டு இடைவெளியில் பிறந்த நான்கு கண்கள், ஒரே நீர்.

அவர் தோளிலிருந்த துண்டின் நுனியை நாவால் நனைத்து, பிள்ளையின் இமைகளை மெல்லத் துடைத்தார். கறுப்பு முழுதும் போகும் வரை துடைத்தார்.

“இந்தக் கண்ணுக்கு இனிமே சுர்மா வேணாம்மா” என்றார் மருமகளிடம். “எங்க உம்மா போட்டதே போதும்.”

நான் நண்பரைத் தேடினேன். வாழ்நாள் முழுதும் ஊரார் கண்களுக்குள் எட்டிப் பார்த்தவர், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தம் புளியங்கொட்டைக் கண்களைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.